தேன்கனிக்கோட்டைக் குளிரில் நாற்றுப் படுக்கைக்குச் சூடேற்றும் கேபிள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் குடைமிளகாய் விதை முளைக்க அடம்பிடிக்கும். மண் 25 முதல் 30 டிகிரி வரை கதகதப்பாக இருந்தால்தான் அது கண் திறக்கும்; இங்கே இரவுக் குளிரோ 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. பனி கொட்டும் நாடுகளில் கூரை விளிம்பிலும் தகர வடிகாலிலும் பனிக்கட்டி அடைக்காமலிருக்கச் சூடேற்றும் கேபிளை வளைத்து வளைத்து ஓட்டுகிறார்கள். அதே இனத்தைச் சேர்ந்த, மண்ணுக்கென்றே வரும் 100 வாட் கேபிளை வாங்கினேன்.

ஒயரிங் வேலைக்கு வந்த அண்ணன் கேபிளைத் தொடவே இல்லை. "தம்பி, முதலில் எர்த் குழியைக் காட்டுங்கள்" என்றார். அதுதான் சரியான தொடக்கம் என்பது வேலை நகர நகர விளங்கியது.

100 வாட் என்றால் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இல்லை. கேபிளின் உறை கிழிந்து ஈர மண்ணில் 100 மில்லி ஆம்பியர் கசிந்தாலும், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் மட்டும் துண்டிக்கும் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அந்த அளவு ஓர் உயிரைப் பறிக்கப் போதும். அந்தக் கசிவைப் பிடிப்பது ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால் அது இணைப்பைத் துண்டிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் வகையைப் போட்டோம். கேபிளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலை எர்த்தோடு சேர்த்திருந்தால், கசிவு அந்த வழியே ஓடி, யாரும் கை வைக்கும் முன்பே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், மனிதர் தொட்ட பிறகுதான் அதற்குச் செய்தி போகும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படுக்கை வேலை சுலபம். அடியில் தெர்மோகோல், மேலே சலித்த மணல், அதில் பாம்பு வளைவாகக் கேபிள், மறுபடி மணல், அதன்மேல் குழித்தட்டுகள். ஒரு வளைவு இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. ஏறிய இடம் சூடு தாங்காமல் உருகும். நீளம் மிஞ்சுகிறதே என்று இந்த வகைக் கேபிளை வெட்டவும் கூடாது. வெட்டினால் மின்தடை குறைந்து, மீதிக் கேபிள் அளவுக்கு மீறிக் கொதிக்கும்.

மணல் மூடுவதற்கு முன்பும் பின்பும் அண்ணன் 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து, கேபிளின் உறையில் கசிவு உண்டா என்று பார்த்தார். இணைப்புப் பெட்டியைத் தண்ணீர் தெளிக்கும் உயரத்துக்கு மேலே பொருத்தி, கேபிளை அடிப்பக்கக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் நுழைவாய்) வழியாக ஏற்றினார். நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தொங்கலாக வளைத்துவிட்டார். வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

தெர்மோஸ்டாட்டின் உணரியைத் தட்டின் தென்னை நார்க்கழிவுக்குள்ளேயே செருகி, 27 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் தெளிக்கும்போது மெயினை அணைத்துவிடுகிறேன். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானையும் அவ்வப்போது அழுத்திப் பார்க்கிறேன். நடுத் தட்டுகளில் முளைப்பு நன்றாக இருக்கிறது. ஓரத் தட்டுகள் இன்னும் பின்தங்குகின்றன. பக்கவாட்டிலும் தெர்மோகோல் நிறுத்திப் பார்க்க வேண்டும்.