லீக்ஸ் இருக்க சல்மன் எதற்கு?

2025 ஜூலை 5, சனி

தென்மேற்குப் பருவமழை விடாமல் தூறிக்கொண்டிருந்தபோதும், எங்கள் தெருமுனையிலுள்ள ஐரோப்பிய உணவகத்தின் வாசலில் மாலை ஆறரைக்கே ஆட்கள் குடைகளோடு காத்திருந்தார்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா முழுவதும் கொழும்புக்காரர்கள்தாம். இப்போது நிற்பவர்களோ ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மரக்கறி வியாபாரிகள் என்று அனேகமாக ஊரவர்கள். இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பட்டியலில் விலை கூடிய உணவான நோர்வே சல்மனைக் கேட்டேன். வெங்காயத்தையும் வெள்ளை வைனையும் வினாகிரியையும் வற்றவைத்து, அதில் குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாக அடித்துச் சேர்க்கும் பெர் பிளாங் சோஸ் அதனுடன் வந்தது. சூடு சற்றுக் கூடினாலும் நெய் பிரிந்துவிடுகிற அந்தச் சோஸ் வழுவழுப்பாக நின்றது. சமைத்தவருக்குக் கை தேர்ந்திருக்கிறது. ஆனால் உறைந்து கடல் கடந்து வந்த மீன் நடுப்பகுதியில் உலர்ந்து, சுவையற்றுக் கிடந்தது. மாவிட்டுத் தடிப்பாக்கிய சோஸ்களைக் குறைத்து, அன்றைய சந்தையில் கிடைப்பதைச் சமைக்க வேண்டும் என்று 1970களில் பிரான்ஸில் எழுந்த அலையிலிருந்து பலவற்றைப் பெற்றதே இந்த நவீனச் சமையல். அதன் பெயரில் நோர்வே மீனை மலையேற்றுவது முரணாகப்படுகிறது.

2025 ஜூலை 10, வியாழன், போயா

கந்தப்பளையில் வெகுகாலம் மரக்கறித் தோட்டம் செய்த சின்னம்மாவை அழைத்துப் போனேன். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மதுபானம் விற்க முடியாது. இறைச்சியையும் மீனையும் அவர்களாகவே நிறுத்தியிருந்தார்கள். ஆகவே சமையலறை மரக்கறியை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. நான் அங்கே சாப்பிட்டவற்றில் ஆகச் சிறந்த உணவு அன்றைக்குத்தான் கிடைத்தது.

வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸை முழுதாகத் தணலில் வைத்து, வெளித்தோல் கரியாகும்வரை சுட்டிருந்தார்கள். விறகடுப்பில் கத்தரிக்காய் சுடுவதைப் போன்றதுதான்: மேலுறை கருகும்போது உள்ளடுக்குகள் தம் ஈரத்திலேயே வெந்து இனிப்பேறுகின்றன. ஸ்பெயினின் கத்தலோனியாவில் கல்சொட் என்னும் வெங்காயத்தை இப்படித்தான் சுட்டு, ரொமெஸ்கோ என்னும் பாதாம் சோஸில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இங்கே பாதாமுக்குப் பதிலாக முந்திரி. கருந்தோலை நீளவாக்கில் கீறி விலக்கியதும், ஆவியோடு வெளிப்பட்ட வெண்தண்டு கரண்டி பட்டாலே வழுகியது.

சின்னம்மா அதை வாயில் வைப்பதற்கு முன்னரே அடுக்குகளைப் பிரித்து மண் தேடினார். தண்டு நீளமாக வெளுக்க வேண்டுமென்று அடியில் மண் அணைத்துக்கொண்டே போவதால், இலையிடுக்கில் மண் புகுந்துவிடும். ஒரு துகளும் இல்லை. “கழுவத் தெரிஞ்சவங்கதான்,” என்றவர், பரிமாறிய தம்பியிடம், “பச்சை இலையையெல்லாம் எங்கப்பா கொட்டுறீங்க?” என்று கேட்டார். எங்கள் வீடுகளில் அந்த இலையும் சேர்ந்துதான் சுண்டலாகும். “கொட்டுறதில்லம்மா, அரைச்சு எண்ணெயில வடிக்கிறோம்,” என்று சூப்பின் மேல் மிதந்த பச்சைத் துளிகளைக் காட்டினார்.

1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். ஐரோப்பிய மரக்கறிகள் இங்கே வேரூன்றி எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன; அவற்றை நட்டு, களை பிடுங்கி, மூட்டை கட்டி லொறியில் ஏற்றுகிறவர்களில் பெரும்பங்கு எங்கள் மக்கள். ஆகவே அந்தத் தட்டிலிருந்தது எங்களுக்கு அந்நியச் சாப்பாடு என்று எவரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2025 ஜூலை 22, செவ்வாய்

கூட்டமில்லை. உப்பு மாவு பூசிச் சுட்ட பீட்ரூட், தயிரோடு: நன்று. உருளைக்கிழங்கில் பட்டர் மிதமிஞ்சியிருந்தது. சல்மன் பட்டியலில் அப்படியே இருக்கிறது. வெள்ளையர் தூண்டில் விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையோடைகளில் விட்ட டிரவுட்டை ஏன் முயலவில்லை என்று கேட்டேன். ஒழுங்காகக் கிடைக்காது என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் அதற்கு மாற்று நோர்வே மீன் அல்ல, இன்னொரு மரக்கறி.

10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேர்ந்த பில்லை இரண்டு முறை பார்த்தேன். இந்தச் செலவில் மாதம் ஒருமுறைக்கு மேல் கட்டுப்படியாகாது.

பொறுக்க முடியாதது தேநீர்தான். தேயிலை மலைகளின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஆறிய கோப்பையில் நூல் தொங்கும் பையைப் போட்டுக் கொடுக்கிறார்கள். முகத்தைச் சுளித்திருப்பேன் போலும், அந்தத் தம்பி குனிந்து, “நாங்க குடிக்கிற தூள் உள்ளே இருக்குக்கா, அதுல ஊத்தித் தரவா?” என்றார். கடும் சாயம், இஞ்சி தட்டிப் போட்டது. பில்லில் அதைச் சேர்க்கவில்லை.