டிரெஸ் வாட்ச், அதாவது கோட்டு சூட்டோடு கட்டும் எளிமையான கைக்கடிகாரம், எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

1932இல் சுவிஸ் நிறுவனமான படேக் பிலிப் கொண்டுவந்த கலட்ராவா 96 மாடலின் விட்டம் சுமார் 31 மி.மீ. தான். இன்று அதைப் பெண்கள் வாட்ச் என்பார்கள்! அதே கலட்ராவா வரிசையில் 2004இன் 5196 மாடல் 37 மி.மீ.; உள்ளே ஓடும் இயந்திரமான 215 மூவ்மென்ட்டோ வெறும் 21.9 மி.மீ. விளைவு, விநாடி முள்ளின் குட்டி வட்டம் விளிம்பை விட்டு டயலின் நடுப்பக்கம் ஒதுங்கிவிட்டது. 2021இல் 6119 மாடலுக்கு 31 மி.மீ. மூவ்மென்ட் செய்து அதைச் சரிசெய்தார்கள். ஆனால் கேஸ், அதாவது வெளிக்கூடு, 39 மி.மீ. ஆகிவிட்டது. 36 போதும் என்பேன்.

வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். வார் மாட்டும் கொம்புகளின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரை அளந்து பாருங்கள். அது மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டினால் வாட்ச் தூக்கிக்கொண்டு நிற்கும். தடிமன் 9 மி.மீ.க்குள் இருந்தால்தான் சட்டைக் கை தடையில்லாமல் மேலே வழுக்கும்.