சொரோட்டிக்கு எப்போது?

ஜூன் 1, சனி
இவருக்குக் கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் 1.8. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை நாங்கள் ஊழியம் செய்யும் உகாண்டாவின் சொரோட்டிக்கு டிக்கெட் பேச்சே கூடாது என்று பெரியவன் போனிலேயே சட்டம் போட்டுவிட்டான்.

ஜூன் 3, திங்கள்
இன்று உகாண்டா முழுக்க லீவு. நமுகொங்கோவில் கூட்டம் நெரியும். 1886இல் இதே நாளில்தான் அரசன் முவாங்கா தன் அரண்மனைப் பையன்களை விசுவாசத்துக்காக அங்கே உயிரோடு எரித்தான், கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் இரண்டு பேருமே அதில் உண்டு. இவர் காலையிலிருந்து யூடியூபில் நேரலை. தெருவுக்கே கேட்கிறது. சத்தத்தைக் குறைங்க என்றால் காதில் விழவே இல்லை.

ஜூன் 4
உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் தினமும் ஒரு பஞ்சாயத்து.

ஜூன் 6, வியாழன்
எதிர்வீட்டு அக்கா வந்து, "அங்க என்னத்தைத் தின்னீங்களோ, கிட்னி போச்சு" என்றாள். களிதான் தின்றோம் என்றேன், நம்பவில்லை. தருமபுரிக்காரர்களுக்கு ராகி என்னவோ நம் பாப்பாரப்பட்டியில் முளைத்தது என்று நினைப்பு. அது ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்துதான் இங்கே வந்ததே. சொரோட்டிப் பெண்கள் ராகி மாவோடு மரவள்ளி மாவையும் கலந்து கிண்டுவார்கள், நம்முடையதைவிட இழுவையாக இருக்கும். உருண்டை பிடிப்பதில்லை, மொத்தமாகக் கொட்டிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவார்கள். தொட்டுக்கொள்ள காராமணிக் கீரையில் வேர்க்கடலையை அரைத்து ஊற்றிய குழம்பு. முதல் நாள் இவர் அதைச் சாப்பிட்டுவிட்டு அம்மா ஞாபகம் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். இப்போது அங்கே அறுப்பு நேரம். தையல் வகுப்புப் பெண்கள் எல்லாரும் வயலில்தான் இருப்பார்கள், மெஷின்கள் துருப்பிடிக்காமல் இருந்தால் சரி. எண்ணெய் விடச் சொல்லி இரண்டு முறை மெசேஜ் போட்டேன், பதில் இல்லை.

1.8 அவ்வளவு அதிகமா?

ஜூன் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் எல்லாரும் "ஐயா, எப்போ ஊழியத்துக்குத் திரும்புறீங்க?" இவர் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்கிறார், வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுகிறார். இங்கே அறுப்பின் பண்டிகைக்கு வருஷத்தில் ஒரு நாள் ஏலம், அங்கே வாராவாரம். கோழி, ராகி, வாழைத்தார் என்று காணிக்கையாக வந்ததையெல்லாம் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒரே கோழியை இவர் எடுத்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுத்தது உண்டு. கணக்கு வாத்தியார்!

ஜூன் 11
பேரன் வந்திருந்தான். பல் பளிச்சென்று இருக்கிறது, 2013க்கு அப்புறம் ஒகேனக்கல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை. இவர் பென்னாகரத்துப் போர்த் தண்ணீர், புளோரைடு, பல்லெல்லாம் காவி. சொரோட்டிப் பள்ளிப் பிள்ளைகள் புகையிலை போடுகிறவர் என்றே நினைத்தார்களாம். உபதேசம் பண்ணப் போனவருக்கு இப்படி ஒரு பேர்.

ஜூன் 13
மெஷினுக்கு எண்ணெய் விட்டாயிற்றாம். ஸ்தோத்திரம்.

ஜூன் 15, சனி
ரத்தம் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் ஐந்து மணிக்கு மேல். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அது ஆயுசுக்கும் செல்லும், சரி, லேபில் அதை யார் கேட்டார்கள்? பெரியவன் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான், நான் எடுக்கவில்லை.