பெட்டியா, ப்ளகினா? வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த கம்ப்ரஸர்

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி ரெக்கார்டிங், மிக்ஸிங் செய்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, ஒரு நல்ல ஹார்டுவேர் கம்ப்ரஸர் வாங்கிட்டா வாய்ஸ் சினிமா பாட்டு மாதிரி நிக்குமா?" (கம்ப்ரஸர் என்றால் சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறும்போது அதை அழுத்திக் குறைக்கிற கருவி. ஹார்டுவேர் என்றால் குமிழ்கள் வைத்த தனிப் பெட்டி, ப்ளகின் என்றால் அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்கிற மென்பொருள்.) வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குக் காசு மட்டும் காரணமில்லை. பெட்டிதான் அசல், ப்ளகின் அதன் நகல், வசதி இல்லாதவர்கள் நகலோடு திருப்திப்பட வேண்டும் என்கிற பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. வீட்டிலிருந்து தனிப்பாடல், பக்திப் பாடல், குறும்படம் என்று மிக்ஸ் செய்து தருகிற எங்கள் வேலை நடக்கிற விதத்துக்கே பெட்டி ஒத்துவராது.

எப்படி என்று சொல்கிறேன். மிக்ஸ் முடித்து அனுப்பி, எல்லோரும் நல்லா இருக்கு என்று சொல்லி, நாமும் அடுத்தடுத்த பாட்டுகளுக்குப் போன பிறகு ஒரு நாள் போன் வரும். "சரணத்துல ஒரு வரி மட்டும் மாத்தியிருக்கோம், வந்து பாடிட்டுப் போறோம், அதை மட்டும் சேர்த்துடுங்க." ப்ளகின் என்றால் ப்ராஜெக்ட்டைத் திறந்ததும் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும், புது வரி பழைய வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பெட்டி என்றால் அன்றைக்கு எந்தக் குமிழ் எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லை போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தாலும் 1176 என்கிற புகழ்பெற்ற பழைய கம்ப்ரஸர் போன்ற பெட்டியில் இன்புட் குமிழ் படிப்படியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும், ஒரு நூல் அளவு தள்ளி வைத்தால்கூட அந்த ஒரு வரி மட்டும் தனியாகத் தெரியும். கேட்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்தப் பெட்டி ஒரே ஒரு சேனல். ஒரு பாட்டில் முதன்மைக் குரல், கோரஸ், பேஸ், மிருதங்கம், புல்லாங்குழல் என்று எத்தனை டிராக் இருக்கிறது! ஒவ்வொன்றையும் இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கும் வெளிக் கருவிகளுக்கும் நடுவில் ஒலியைக் கடத்தும் கருவி) வழியாக வெளியே அனுப்பி, பெட்டிக்குள் விட்டு, திரும்ப உள்ளே பதிய வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு டிராக்குக்கு ஐந்து நிமிடம் முழுசாகப் போகும். ப்ளகினை எல்லா டிராக்கிலும் ஒரே நேரத்தில் போடலாம்.

பழைய ஸ்டூடியோக்களில் பாடும்போதே கம்ப்ரஸ் செய்து பதிந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. டேப்பில் குரல் தாழ்ந்தால் இரைச்சலில் மூழ்கும், ஏறினால் உடையும், அதனால் உள்ளே போகும்போதே அடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. 24 பிட்டில், அதாவது இரைச்சல் மிகக் குறைவான டிஜிட்டல் முறையில், பதிகிற நமக்கு அந்த நெருக்கடி இல்லை. உச்சம் -12 டெசிபெல் பக்கம் (0-ஐத் தாண்டினால்தான் உடையும்) நிற்கிற மாதிரி கெயின், அதாவது உள்வரும் சத்தத்தின் அளவு, வைத்து நிம்மதியாகப் பதியலாம், கம்ப்ரஷனை அப்புறம் யோசிக்கலாம். பதியும்போதே அழுத்திவிட்டால் அதை முழுசாக எடுக்க வழியே இல்லை.

அந்தப் பெட்டிகள் மேல் எனக்கு மரியாதை குறைவு என்று நினைக்க வேண்டாம். 1960களில் வந்த எல்ஏ-2ஏ என்கிற கம்ப்ரஸர் எவ்வளவு அழகான யோசனை! உள்ளே வருகிற சத்தத்துக்கு ஏற்ப ஒரு சின்னத் தகடு ஒளிர்கிறது, எதிரே இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்து சத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தத்தின் பாதியை வேகமாக விட்டுவிடும், மீதியை நிதானமாகச் சில நொடிகள் எடுத்து விடும். மெல்லிசைக் குரலில் அது வேலை செய்வதே தெரியாமல் இருப்பதற்கு இந்த நிதானம்தான் காரணம். இந்த நடத்தையைத்தான் இன்றைய ப்ளகின்கள் கணக்காக எழுதி வைத்திருக்கின்றன, நன்றாகவே எழுதியிருக்கின்றன. யுனிவர்சல் ஆடியோ இன்று தயாரிக்கும் எல்ஏ-2ஏ 4,000 டாலருக்கு மேல், அதோடு சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும். ஆனால் அதே நிறுவனம் அந்தப் பெட்டியை ப்ளகினாகவும் விற்கிறது.

விலை உயர்ந்த பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதும் சரியில்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலையில் (வலது முகத்தில்) சாப்பு என்கிற அடி விழுகிறபோது முதலில் ஒரு கூர்மையான தட்டல், அதற்குப் பின்னால் நாதம். அந்தத் தட்டலை விட்டுவிட்டு நாதத்தைக் கொஞ்சம் பிடித்தால்தான் வாசிப்பவரின் விரல் கேட்கும். அதற்கு எனக்கு அட்டாக் (சத்தம் ஏறிய பிறகு கம்ப்ரஸர் பிடிக்க எடுக்கும் நேரம்) 20, 30 மில்லிசெகண்டாவது வேண்டும். 1967இல் வந்த, எல்லோரும் கொண்டாடுகிற 1176இல் மிக மெதுவான அட்டாக்கே 0.8 மில்லிசெகண்ட்தான், சாப்பு வாயைத் திறப்பதற்குள் பிடித்துவிடும். ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருளோடு சும்மா வரும் ரியாகாம்ப் ப்ளகினில் அட்டாக் 25 என்று போட்டு, ரேஷியோ (எவ்வளவு பலமாக அழுத்துவது என்பது) 3, மீட்டரில் மூன்று நான்கு டெசிபெலுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், மிருதங்கம் முன்னால் வந்து உட்காரும். அதுவும் போதாது என்றால் கோட்டல்னிகாஃப், டிசி1ஏ என்று நல்ல இலவச ப்ளகின்கள் இருக்கின்றன. (1176இன் நகல்களைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அட்டாக் குமிழை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், மற்ற கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் நேர்மாறு.)

குரலைக் கம்ப்ரஸ் செய்வதற்கு முன் இன்னொரு வேலை. நம் பாட்டில் கீழ்ஸ்தாயியில் முணுமுணுப்பாக இருக்கிற குரல் மேல்ஸ்தாயிக்குப் போனதும் மும்மடங்கு ஏறும். அதை மொத்தமாகக் கம்ப்ரஸர் தலையில் கட்டினால் உச்சத்தில் குரல் நசுங்கும். முதலில் வரிவரியாக, தேவைப்பட்டால் சொல் சொல்லாக, கிளிப்பின் (பதிந்த துண்டின்) கெயினைக் கையால் சமப்படுத்துங்கள். பொறுமை வேண்டும், ஆனால் சினிமா பாட்டில் கேட்கிற அந்த நிலையான குரலில் பாதி இங்கேதான் வருகிறது.

அப்புறம் அறை. அழுத்திய பிறகு குறைந்த சத்தத்தை ஈடுகட்ட 6 டெசிபெல் ஏற்றினால் குரலோடு ஃபேன் சத்தமும், தெருவில் போகும் ஆட்டோவும், சரியாக எர்த் இல்லாத வீட்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதே 6 டெசிபெல் ஏறும். எந்தப் பெட்டியும் இதற்குப் பதில் சொல்லாது. அந்தக் காசில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள், மைக்குக்குப் பின்னால் கனமான ராக்வூல் பலகைகள் வையுங்கள்.

பெட்டியில் பழகியவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் வரும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்: அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். ப்ளகினிலும் அதைச் செய்யலாம். திரையை அணைத்துவிட்டுக் குமிழைத் திருப்புங்கள். கம்ப்ரஸரைப் போட்டதற்கும் எடுத்ததற்கும் சத்த அளவைச் சமமாக வைத்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் அரை டெசிபெல் கூடினாலே காதுக்கு அது நல்லதாகத் தோன்றும். பெட்டியின் மாயம் என்று சொல்லப்படுவதில் கொஞ்சம் இந்த அரை டெசிபெல்தான்.

பெட்டி நிஜமாகவே வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே கச்சேரியை நேரலையாக அனுப்புகிறவர்களுக்குத் திரும்பப் போய்த் திருத்த வாய்ப்பே இல்லை, கம்ப்யூட்டர் ஒரு நொடி திணறினால் எல்லோருக்கும் கேட்டுவிடும். அவர்கள், குரல் கம்ப்யூட்டருக்குள் போவதற்கு முன்னால் ஒரு எளிய கம்ப்ரஸர் பெட்டியை வைத்து, இரண்டு மூன்று டெசிபெல் மட்டும் பிடிக்கிற மாதிரி அமைத்துவிட்டால், பாடகர் எவ்வளவு மேலே போனாலும் பதறாமல் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.