ஹுர்ரெம் சுல்தான்: தினப்படியும் வக்ஃபும்

துருக்கியின் ஒஸ்மானிய சுல்தான்களுடைய அந்தப்புரம் என்றாலே பேச்சு சூழ்ச்சியில் போய் நிற்கிறது. அங்கே ஒரு பெண்ணின் நிலை என்ன என்பதை அறிய, அரண்மனையின் படிக்கணக்கைப் பார்ப்பதே மேல். பெண்களுக்கு அன்றாடப் படி அக்சே என்ற வெள்ளிக்காசில் வழங்கப்பட்டது. சுல்தான் இரண்டாம் செலீமுக்கு மகன் பெற்ற மற்றப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 40 அக்சே. அவரது முதன்மைத் துணைவி, அதாவது 'ஹஸெகி'யான நூர்பானுவுக்கு 1000. 1574-இல் மகன் மூன்றாம் முராத் அரியணை ஏறியதும் நூர்பானு 'வாலிதே சுல்தான்' ஆனார். படி 3000 ஆயிற்று. சுல்தானின் துணைவியைவிடச் சுல்தானின் தாய்தான் பெரியவர்.

இவர்களுக்கு முன்பே ஹஸெகியாக 2000 பெற்றவர் ஹுர்ரெம்; செலீமின் தந்தையான சுல்தான் சுலைமானின் துணைவி, செலீமின் தாய். இன்றைய உக்ரைன் பக்கத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்.

அவருக்கு முன்பிருந்த வழக்கம் கடுமையானது. ஒரு பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்துவிட்டால், சுல்தானோடு அவளுக்கிருந்த உறவு பொதுவாக அத்தோடு முடியும். மகன் வளர்ந்து மாகாண ஆளுநராகப் போகும்போது தாயும் கூடவே போய் அவனுடைய வீட்டை நடத்துவாள். தந்தை இறந்ததும் இளவரசர்கள் அரியணைக்கு மோதுவார்கள். தோற்றவனுக்கு உயிர் மிஞ்சாது. அந்த நாளில் ஒவ்வொரு இளவரசனுக்கும் முழுமனதோடு துணை நிற்க ஒரு தாய் வேண்டும். ஒரே தாய்க்கு இரண்டு மகன்கள் இருந்தால் அவள் யார் பக்கம் நிற்பாள்?

ஹுர்ரெம் விஷயத்தில் சுலைமான் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார். 1521-இல் மெஹ்மெத் பிறந்த பிறகும் மிஹ்ரிமா, செலீம், பாயெசித், ஜிஹாங்கீர் என்று பிள்ளைகள் பிறந்தார்கள். மகன்கள் மாகாணங்களுக்குப் போனபோதும் ஹுர்ரெம் தலைநகரிலேயே இருந்தார். பழைய முறைப்படி மகன் முஸ்தபாவோடு மனிசாவுக்குப் போனவர் சுலைமானின் இன்னொரு துணைவியான மஹிதெவ்ரான். 1553-இல் சுலைமான் முஸ்தபாவைக் கொல்லச் செய்தார்; மகனோடு அந்தத் தாயின் நிலையும் சரிந்தது. பூர்சாவில் வறுமையில் காலம் தள்ளினார். பழி முழுவதையும் ஹுர்ரெம் மேல் போடுவது எளிது. ஆனால் ஆணையிட்டவர் சுல்தான். பழைய வழக்கம் எதைத் தவிர்க்கப் பார்த்ததோ, அது ஹுர்ரெமின் வீட்டிலேயே நடந்தது. 1558-இல் அவர் இறந்தார். மறு ஆண்டே செலீமும் பாயெசிதும் கோன்யா அருகே போரிட்டனர். பாரசீகத்துக்கு ஓடிய பாயெசித் 1561-இல் கொல்லப்பட்டார்.

சுலைமான் ஹுர்ரெமை விடுதலை செய்து மணந்ததைக் காதல் கதையாகவே சொல்கிறார்கள். அதன் சட்டப் பயன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடிமை தன் பெயரில் வக்ஃபு, அதாவது இஸ்லாமிய அறக்கொடை, எழுத முடியாது. சொத்துரிமையுள்ள சுதந்திரப் பெண் எழுதலாம். அரசு நிலத்தையும் அப்படியே வக்ஃபு ஆக்க முடியாது. முதலில் சுல்தான் அதை அவருக்குச் சொந்தமாக எழுதித் தரவேண்டும். பிறகு அவர் அதை அறத்துக்கு ஒப்படைப்பார். பாலஸ்தீனக் கிராமங்கள் பலவற்றின் வருவாய் இந்த வழியில்தான் 1550-களில் அவர் ஜெருசலேமில் நிறுவிய அன்னசாலைக்குப் போனது. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமை நொய்க் கஞ்சி, கூடவே ரொட்டி என்று வக்ஃபு ஆவணம் வகுத்தது. வெள்ளி இரவுகளில் ஆட்டிறைச்சிச் சோறும், குங்குமப்பூவும் தேனும் சேர்த்த இனிப்புச் சோறும் உண்டு. பணியாளர்கள், அங்கே தங்குவோர் போக ஏழைகள் 400 பேருக்குச் சாப்பாடு. அந்த அன்னசாலை இன்றும் உணவு வழங்கி வருகிறது.