இங்கே ஆடிப்பட்டம் வைகாசியிலேயே வந்துவிடும்

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு நாங்கள் வந்தது 2018 நவம்பரில். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம் அது. வாடகை வீட்டின் பின்னால் தோட்டம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் கல் பாவிய ஒரு முற்றம். சரி, தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஜூலையில் நாலு தொட்டி வாங்கி வெண்டையும் கத்திரியும் விதைத்தேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள், வேறு எப்போது விதைப்பேன்? செப்டம்பர் முடியும்போது வெண்டை நாலு இலையோடு நின்றது. அக்டோபரில் அதுவும் கறுத்துப் போய்விட்டது.

நம் ஊரில் பட்டம் என்பது மழையின் கணக்கு. இங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை, கணக்கெல்லாம் உறைபனியும் வெளிச்சமும்தான். தென் இங்கிலாந்தில் கடைசி உறைபனி மே நடுவில்கூட வரும். அதனால் தக்காளி, மிளகாய், கத்திரியை பிப்ரவரி, மார்ச்சிலேயே வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்க வைத்து, அந்தப் பனிக்குப் பயந்து குழந்தை மாதிரி வளர்த்து, வைகாசி பிறந்த பிறகுதான் வெளியே நட வேண்டும். மல்லி வேறு மாதிரிப் படுத்தியது. மளிகை டப்பாவிலிருந்து எடுத்து இரண்டாக உடைத்துப் போட்டேன், நன்றாக முளைத்தது, ஆனால் ஜூனில் ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்கும் மேலே வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு இலை வைப்பதற்குள் பூவெடுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஆகஸ்டில் போடுகிறேன், பனி கொட்டும் வரை பறிக்கலாம். வெந்தயக்கீரை மட்டும் எந்தப் பேச்சும் இல்லாமல் வரும், அதுவும் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்திலிருந்தே. ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் போட்டு எடுத்து வர முடியாது, தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் அஞ்சறைப்பெட்டிதான் என் விதைக்கடை.

அலாட்மென்ட் என்று ஒன்று இருப்பதே எனக்கு ரயிலில் போகும்போதுதான் தெரிந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மரக்கொட்டகைகள், பந்தல் போட்ட அவரை மாதிரி ஏதோ கொடிகள், குனிந்து நிற்கும் வயதானவர்கள். குடிசைப் பகுதி என்று நினைத்து, இந்த ஊரிலுமா என்று என் கணவரிடம் கேட்டேன். அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: அது நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறி நிலம், 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்கள் கேட்டால் நிலம் ஒதுக்கித் தருவது உள்ளாட்சியின் கடமை. கேட்டோம். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து 2022 பிப்ரவரியில் கிடைத்தது. இங்கே இன்னமும் ‘போல்’ என்ற பழைய அளவில்தான் பேசுகிறார்கள். முழு நிலம் 10 போல், அதாவது 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேலே. எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி. மூன்று சென்ட் நிலம் கிடைத்ததற்கு என் அம்மா போனில் அழுதாள், ஏதோ பத்திரம் பதிந்தது போல.

நிலம் என்றால் களிமண், அதில் ‘பைண்ட்வீட்’ என்ற கொடிக் களை. வேர் ஒரு விரல்கடை அளவு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். நான் கொத்திக் கொத்தி, ஒரு வேரைப் பத்து வேராக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து நின்றார். 78 வயது. கொத்தாதே, முள்கரண்டி மாதிரியான மண்வாரியால் கிளப்பி முழு வேரையும் உருவி எடு என்று செய்து காட்டினார். தன் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடச் சொன்னார். அப்பாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அங்கிள் என்றால் அவருக்குப் புரியாது. இன்றுவரை ‘ஹலோ’வை வைத்தே சமாளிக்கிறேன். உருளைக்கிழங்கை முட்டை அட்டையில் நிறுத்தி வைத்து முளை விட வைப்பது, ஓடில்லாத நத்தைகளை ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவது, முந்தின நவம்பரில் நட்ட ‘பிராட் பீன்ஸ்’ பனியைத் தாங்கி ஜூனில் காய்க்கும் என்பது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

முதல் முறை காய் கொடுக்கப் போனதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஜூலையில் கோர்ஜெட் கொட்டியது. நம் பீர்க்கங்காய் போல நீர்ச்சத்துள்ள காய், கூட்டுக்கு அருமை, ஆனால் இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் கை நீளத்துக்கு வளர்ந்துவிடும், மூன்று செடி வைத்தவர்கள் எல்லாம் என்னைப் போல முட்டாள்கள்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் அழைப்பு மணியை அடித்து, கூட்டாகவே செய்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு நீட்டினேன். அந்த அம்மா ஒரு அடி பின்னால் போய், உங்களுக்கு வேண்டாமா, நிஜமாகவா, நிஜமாகவா என்று இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து டப்பா பளபளவென்று கழுவித் துடைத்து, வாசலில் காலியாக இருந்தது. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும் என்ற வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்த அம்மாவுக்கோ, அடுத்தவர் பொருளைச் சுத்தமாகத் திருப்பித் தந்ததுதான் மரியாதை. இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இங்கே கையில் கொடுப்பதில்லை, வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆகஸ்டில் நடந்து போனால் வீட்டு மதிலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், உள்ளே ஆப்பிளோ பீன்ஸோ, மேலே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சீட்டு. வாங்குபவருக்கு நன்றி சொல்லும் பாரமும் இல்லை, கொடுப்பவருக்கு மறுக்கப்படும் பயமும் இல்லை. முதலில் இது என்ன அநாதை போல என்று தோன்றியது. அப்புறம் நானும் ஒரு பெட்டி வைத்தேன். சாயங்காலத்துக்குள் காலி.

அதே 2022 ஜூலை 19 அன்றுதான் இந்த நாட்டில் முதல்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. ஊரே சுருண்டு கிடந்தது, பெரியவரின் கீரைகள் எல்லாம் வாடி நின்றன. எங்கள் பழைய கண்ணாடிக் குடிலுக்குள் வெண்டை மட்டும் பூத்தது. அந்தக் கோடை முழுவதுக்கும் சேர்த்து 11 காய். பெரியவருக்கு இரண்டு கொடுத்தேன். பச்சையாக வெட்டிப் பார்த்து, அந்த வழவழப்பைக் கண்டு, இதைச் சாப்பிடுவீர்களா இல்லை எதையாவது ஒட்டுவீர்களா என்று கேட்டார்.

அம்மா வந்தது 2023இல், ஆறு மாத விசாவில். ஆங்கிலம் சுத்தமாக வராது. வந்த இரண்டாம் வாரமே, கூடை நிறையப் பீட்ரூட்டைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, இத்தனையும் சும்மாவா தூக்கிக் குடுக்கிறே, ரெண்டு கட்டு வித்தா பஸ்ஸுக்காவது ஆகுமே” என்றாள். விற்பனைக்கு என்று பயிரிடக் கூடாது அம்மா, இது முக்கியமாக வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றுதான் சட்டம், வியாபாரம் செய்தால் நிலத்தை வாங்கிக்கொள்வார்கள் என்றேன். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “அப்போ எல்லாருமே குடுத்துத்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டாள். பூசணி வைத்தவர் நிலத்துக்குப் போய்க் கொழுந்தையும் ஆண்பூவையும் காட்டி, சைகையிலேயே கேட்டு, மடி நிறையப் பறித்து வந்தாள். அவருக்கு அது குப்பைக்குப் போகும் பொருள். மறுநாள் பூசணிப்பூ பஜ்ஜியோடு போய் நின்றாள். ஒன்றரை வருஷம் நான் தயங்கித் தயங்கிச் செய்ததை, ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் இரண்டு வாரத்தில் செய்துவிட்டாள். பொறாமையாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அந்த ஜூலை மழையாகவே போனது. ஆகஸ்டில் தக்காளியில் கருகல் நோய் வந்தது, உருளைக்கிழங்குக்கு வருமே அதே நோய்தான். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் போதும், பழுப்புப் புள்ளி தெரிந்த ஒரே வாரத்தில் தண்டெல்லாம் கறுத்துவிடும். நோய் தொடாத காய்களை அவசரமாகப் பறித்தோம், எல்லாம் பச்சை. அம்மா பச்சைத் தக்காளித் தொக்கு கிளறினாள். அதே பச்சைத் தக்காளியில் பெரியவர் ‘சட்னி’ செய்து ஒரு கண்ணாடி ஜாடியில் கொடுத்தார். நம் வார்த்தைதான், ஆனால் சர்க்கரையும் வினிகரும் போட்டு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சியது, வருஷக்கணக்கில் கெடாதாம். இட்லிக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா, “ஜாம் நல்லா இருக்குன்னு சொல்லு” என்றாள்.

இங்கே ஜாம், சட்னி போடுபவர்களுக்கு ஜாடியைக் காலியாகத் திருப்பித் தந்தால்தான் சந்தோஷம், அடுத்த பருவத்துக்கு அவர்களுக்கு ஜாடி வேண்டும். இதை நான் எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை, தொக்கை நிரப்பித் தந்தாள். அவர் அதைக் காலி செய்து, மறுபடி ப்ளம் ஜாம் நிரப்பிக் கொண்டு வந்தார். அது எலுமிச்சை ஊறுகாயோடு போனது. அம்மா விமானம் ஏறும் வரை அந்த ஒரு ஜாடி ஏழு தடவை வேலியைத் தாண்டியிருக்கும். கடைசியில் ஜாடி எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. கொத்தமல்லி விதை காயப்போட்டு அதில்தான் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா முதலில் கேட்பது என்னைப் பற்றியோ பேத்தியைப் பற்றியோ இல்லை. “அவர் வெங்காயம் நட்டாச்சா? முழங்கால் வலி எப்படி இருக்காம்?” போன வாரம் முழுக்க இங்கே மழை, நான் நிலத்துப் பக்கமே போகவில்லை என்றேன். “போய்ப் பார்த்துட்டு வந்து பேசு” என்று வைத்துவிட்டாள்.