யார் அந்த ஒன்பது பேர்

மார்ச் 4
கலப்பு லாஜிட் ஒருவழியாக ஓடி முடிந்தது. கருத்தாய்வில் மக்கள் தேர்ந்தெடுத்ததை வைத்து, அவர்கள் விருப்பம் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்று கணிக்கும் மாதிரி அது. விலைக் குணகம், அதாவது விலை ஏறினால் பொருள் எவ்வளவு பிடிக்காமல் போகிறது என்பதைக் காட்டும் எண்: அதன் சராசரி -0.8, திட்டவிலக்கம் 0.6. இயல்நிலைப் பரவல் என்று எடுத்துக்கொண்டால், 100-ல் 9 பேருக்கு விலை ஏற ஏறப் பொருள் இன்னும் பிடித்துப்போகிறது என்று அர்த்தம். யார் அந்த ஒன்பது பேர்? தரவில் துழாவிப் பார்த்துவிட்டேன், அப்படி யாருமே இல்லை. பரவலின் வால் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். சராசரி சரியாக இருக்கிறதே, விட்டுவிடு என்கிறார் வழிகாட்டி. எப்படி விடுவது?

மார்ச் 5
வழிகாட்டியிடமிருந்து பதில் வரவில்லை.

மார்ச் 7
எல்லாருக்கும் ஒரே விருப்பம் என்று வைத்துக்கொள்ளும் சாதா லாஜிட்டுக்கே திரும்பிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதன் குறை இதுதான்: காரில் போகிறவர்கள் பாதி, சிவப்புப் பேருந்தில் பாதி. அதே தடத்தில் நீலப் பேருந்து ஒன்றை விட்டால் மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லும் லாஜிட். பேருந்துக்கு வேறு சாயம் அடித்ததற்காக யாராவது காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்களா? ஆனால் அதை இளக்காரமாகப் பேசவும் மனசு வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பார்ட் ரயில் வருவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் ஏறுவார்கள் என்றது அதிகாரப்பூர்வக் கணிப்பு. பொருளியலாளர் மெக்ஃபாடனின் குழு லாஜிட்டை வைத்து 6.3 என்றது, வந்தது 6.2. இவ்வளவு நெருக்கமாக வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு என்று 2000-ல் வாங்கிய நோபலுக்கான உரையில் அவரே சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

மார்ச் 8
ஒன்பது பேர். தூக்கம் இல்லை.

மார்ச் 10
இயல்நிலைப் பரவலுக்குப் பதில், பூஜ்யத்தைத் தாண்டாத லாக்நார்மல் பரவலைப் போட்டேன். குறி சரியாகிவிட்டது, எல்லாருக்கும் விலை கசக்கிறது. ஆனால் சிலருடைய குணகம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது, அதனால் தரத்தின் குணகத்தை அதால் வகுத்ததும் தரத்துக்காக அவர்கள் கொடுக்கச் சம்மதிக்கும் தொகை எங்கோ போய்விடுகிறது. ஒரு வாலை வெட்டினால் இன்னொரு வால் முளைக்கிறது.

மார்ச் 11
கருத்தாய்வில் ஒருவருடைய எட்டு விடைகளையும் வரிசையாகப் படித்தேன். எட்டிலும் 'எதுவும் வேண்டாம்'. கடைசிக் கேள்வியில் இருந்ததிலேயே மலிவான விலை, நல்ல தரம், அப்போதும் வேண்டாம். இவரை நீக்கச் சொல்கிறார்கள். நீக்க மாட்டேன். வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதானே!

மார்ச் 13
வகுக்கவே வேண்டாம், கொடுக்கச் சம்மதிக்கும் தொகையையே நேராகக் குணகமாக வைத்து எழுதிவிடலாம். கணக்கிட, சீராகப் பரவிய எண்களைத் தரும் ஹால்டன் வரிசையில் 2000 இழுப்புகள். பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் 14
மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் லாக்-லைக்லிஹுட் நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆனால் ஒரு திட்டவிலக்கம் மட்டும் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. எந்தப் பண்பினுடையது என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் தொடக்க மதிப்புகளை மாற்றி